கன் இல்லைங்க, மெஷின்!

அமெரிக்காவில் ஏதோ ஒரு டாட்டூ கடைக்குள் போய், "உங்க கன் என்ன மாடல்?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசியோடு உட்கார்ந்திருப்பவர் முகம் லேசாக மாறும். நல்ல மூடில் இருந்தால், "கன்னால சுடுவாங்க. இது மெஷின்" என்று திருத்துவார். மூடு சரியில்லை என்றால் திருத்தவே மாட்டார். வந்திருப்பவர் யார் என்று மனசுக்குள் ஒரு முடிவு கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். மிருதங்க வித்வானிடம் போய் "சார், உங்க மேளம் சூப்பர்" என்று சொல்வதற்குச் சமம் இது.

ஒரு வார்த்தைக்கா இவ்வளவு அலட்டல் என்று தோன்றும். ஆனால் அந்தக் கடைகளில் வார்த்தைதான் முதல் பரீட்சை. தபாலில் மலிவு விலைக்கு ஒரு பெட்டி வாங்கி, யாரிடமும் கற்காமல், வீட்டில் உட்கார்ந்து குத்துகிற ஆட்கள்தான் "கன்" என்பார்கள் என்று தொழில் செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். இது எல்லா நேரமும் சரியாக இருக்காது. சினிமா பார்த்துவிட்டு வருகிற அப்பாவி கஸ்டமரும் கன் என்றுதான் சொல்வார். ஆனால் குத்துகிறவரே "என் கன்னை எடுத்துட்டு வரேன்" என்று சொன்னால், கொஞ்சம் யோசித்துவிட்டு சட்டைக் கையை மடிப்பது நல்லது.

அந்த மெஷின் பிறந்த கதையும் வேடிக்கைதான். தாமஸ் ஆல்வா எடிசன் 1876ல் ஒரு மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். எழுத எழுத, காகிதத்தில் பொடிப் பொடியாக ஓட்டை போடும் பேனா. ஓட்டை விழுந்த காகிதத்தின் மேல் மை உருளையை ஓட்டினால் அடியில் உள்ள தாளில் நகல் விழும். ஆபீஸ் குமாஸ்தாக்களுக்காகச் செய்தது, சைக்ளோஸ்டைல் மெஷினுக்கு மூதாதை என்று சொல்லலாம். நியூயார்க்கில் பச்சை குத்திக்கொண்டிருந்த சாமுவேல் ஓ'ரெய்லி அந்த யோசனையைத் தோலுக்குக் கொண்டுவந்து 1891ல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருக்கு அடுத்த தலைமுறையில் சார்லி வாக்னர் 1904ல் ஒன்றும், டெட்ராய்ட்டில் பெர்சி வாட்டர்ஸ் 1929ல் ஒன்றும் வாங்கினார்கள்.

இன்றைக்கும் பல கடைகளில் கேட்கும் 'ங்ங்ங்' சத்தம் "காயில்" மெஷினுடையது. பழைய காலத்து காலிங் பெல் எப்படி வேலை செய்கிறதோ, அதே கதைதான். இரண்டு கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி மேலே இருக்கும் இரும்புத் துண்டை இழுக்கும். இழுத்த உடனே தொடர்பு அறுந்துவிடும். காந்தம் போய்விடும், ஸ்பிரிங் துண்டை மேலே தள்ளும், மறுபடி தொடர்பு, மறுபடி இழுப்பு. அந்தத் துண்டோடு சேர்ந்து ஊசி மேலும் கீழும் ஆடும். "ரோட்டரி" என்பது சின்ன மோட்டார் வைத்தது, சத்தம் குறைவு. காயிலா ரோட்டரியா என்பது பழைய ஆட்களுக்கும் புது ஆட்களுக்கும் நடக்கிற சண்டை. ரஜினி கமல் சண்டை மாதிரி, தீராது, அதனால் விட்டுவிடலாம்.

சரி, சுவரைப் பாருங்கள். நங்கூரம், ரோஜா, குத்துவாள், தகைவிலான் குருவி, 'அம்மா' என்று ரிப்பன் கட்டிய இதயம் எல்லாம் வரிசையாகத் தாள் தாளாகத் தொங்கும். அதற்குப் பெயர் "ஃப்ளாஷ்". கார்னிவல் திருவிழாக்களில் ஆளை இழுப்பதற்காக முன்னால் தொங்கவிடும் பளபளா சரக்கை ஃப்ளாஷ் என்பார்கள். கார்னிவலோடு ஊர் ஊராகப் போன பச்சைக்காரர்கள் தங்கள் படத்தாள்களையும் அப்படித்தான் தொங்கவிட்டார்கள். நியூயார்க்கின் பவரி தெருப் பக்கம் லூ ஆல்பர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார், சுவரில் ஒட்டும் வால்பேப்பருக்கு டிசைன் போட்டுப் பழகியவர். அவர் வரைந்த ஃப்ளாஷ் தாள்கள் மற்ற கடைகளுக்கும் விற்கப்பட்டன. அதாவது குத்துகிற தொழிலுக்குள்ளேயே டிசைன் விற்கிற ஒரு ஹோல்சேல் தொழில்! இதே காலத்துக் கடைப்பேச்சில் "போர்க் சாப்" என்று ஒரு வார்த்தை உண்டு. சுலபமாக, சீக்கிரமாகக் குத்தி முடிக்கக்கூடிய சின்னச் சின்னப் படங்கள் இருக்கும் தாளுக்கு அந்தப் பெயர். அன்றைய ராத்திரி சாப்பாட்டுக்குக் காசு தேற்றிக் கொடுக்கும் படம் என்று அர்த்தம். டீக்கடை போண்டா மாதிரி, லாபம் கம்மி, ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும்.

முன்பதிவு இல்லாமல் உள்ளே நுழைந்து சுவரைக் கை காட்டுகிறவர் "வாக்-இன்". வாக்-இன்னை நம்பி நடக்கும் கடை "ஸ்ட்ரீட் ஷாப்". வருகிறவர் எதைக் கேட்டாலும் குத்தத் தெரிய வேண்டும், எழுத்தா, பூவா, புலியா என்று பார்க்கக்கூடாது. இதற்கு நேர் எதிர் "கஸ்டம்". உங்களுக்காகவே வரைந்து, உங்களுக்கு மட்டுமே குத்துவது. டான் எட் ஹார்டி 1973ல் ஜப்பான் போய் ஹோரிஹிதே என்ற ஆசானிடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி, 1974ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ரியலிஸ்டிக் டாட்டூ என்று ஒரு கடை திறந்தார். சுவர் ஃப்ளாஷை நம்பி நடந்த கடை இல்லை அது. முன்கூட்டியே பேசி நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும், இன்றைக்குப் பெரிய கடைகள் பாதி அப்படித்தான் நடக்கின்றன. (எட் ஹார்டி என்று பெயர் போட்ட பளபளா டி-சர்ட்டுகள் 2000களில் ஓடின அல்லவா, அதே ஆள்தான். டி-சர்ட்டுக்கும் அவர் கடையில் நடந்த வேலைக்கும் ரொம்ப தூரம்.)

கஸ்டம் என்று சொன்ன படம் யாருக்குச் சொந்தம்? பிஸினஸ் லா பேப்பரில் கேட்க வேண்டிய கேள்வி. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் முகத்தில் 2003ல் குத்தப்பட்ட அந்த வளைவுகள் ஞாபகம் இருக்கலாம். 2011ல் 'தி ஹேங்ஓவர் பார்ட் 2' படத்தில் வேறொரு பாத்திரத்தின் முகத்தில் அதே மாதிரி வரைந்துவிட்டார்கள். குத்தியவர் வார்னர் பிரதர்ஸ் மேல் வழக்கே போட்டார். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. முகம் டைசனுடையது, ஆனால் முகத்தில் உள்ள படத்துக்கு இன்னொருவர் உரிமை கேட்கிறார். படம் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

இனி காசு. காமர்ஸ் பசங்களுக்கு இங்கேதான் சுவாரசியம்.

விரல் நகம் அளவுக்கு ஒரு நட்சத்திரம் கேட்டாலும் "ஷாப் மினிமம்" என்று ஒரு தொகை சொல்வார்கள். "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று கஸ்டமர் கொதிப்பார். ஐந்து நிமிஷம் என்பது ஊசி தோலில் இருக்கும் நேரம் மட்டும். அதற்கு முன்னால் மேஜையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, பிளாஸ்டிக் சுற்றி, புது ஊசி பிரித்து, குட்டிக் கிண்ணங்களில் மை ஊற்றி, ஸ்டென்சில் எடுத்து, தோலை மழித்து ஒட்ட வேண்டும். முடிந்த பிறகு ஊசியைத் தனிப் பெட்டியில் போட்டு, மிச்சம் இருக்கும் மையைக் கொட்டிவிட்டு (சொட்டு மிச்சமிருந்தாலும் அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது), மறுபடி எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். நட்சத்திரத்துக்கும் இதே செலவு, முதுகு நிறைய டிராகனுக்கும் இதே செலவு. ஃபிக்ஸட் காஸ்ட் என்று முதல் வருஷப் பாடத்தில் வருவது இதுதான். ஷாப் மினிமத்தை விட ரொம்பக் கம்மியாக ஒருவர் கேட்டால், மேலே சொன்ன வேலைகளில் எதையோ செய்யாமல் விடுகிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

"டெபாசிட்" என்பது நேரம் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணம். கடைசி பில்லில் கழித்துக்கொள்வார்கள், வராமல் போனால் அது போச்சு. வராமல் போகிறவருக்கு "நோ-ஷோ" என்று பெயர், அந்தப் பெயரைச் சொல்லும்போதே கடையில் ஒரு பெருமூச்சு கேட்கும். ஏனென்றால் நிறைய கடைகளில் குத்துகிறவர் சம்பள ஆள் கிடையாது. வாங்குகிற காசைக் கடை முதலாளியோடு பாதிப் பாதியோ, அறுபதுக்கு நாற்பதோ பிரித்துக்கொள்வார். இதற்குப் பெயர் "ஸ்ப்ளிட்". இல்லையென்றால் உட்காரும் இடத்துக்கு வாடகை கட்டுவார், அது "பூத் ரென்ட்". ஸ்ப்ளிட் என்றால் கூட்டம் வராத நாளின் நஷ்டத்தை முதலாளியும் சுமக்கிறார். பூத் ரென்ட் என்றால் முழுக்கவும் குத்துகிறவர் தலையில். முடி திருத்தும் கடையில் சேர் வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றாம் தேதியும் சேர்ந்து வரும் நாள் அமெரிக்காவில் ராசியில்லாத நாள். பச்சைக்காரர்களுக்கோ அது தீபாவளி. சின்னதாக, எங்காவது 13 என்ற எண் ஒளிந்திருக்கும் படங்கள், விலை 13 டாலர், மேலே 7 டாலர் டிப்ஸ், ஆக மொத்தம் 20. டெக்சாஸில் டாலஸ் நகரக் கடைகளால் பிரபலமானது. வாசலில் வரிசை நிற்கும். கணக்குப் பார்த்தால் அந்த விலையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது, அது விளம்பரச் செலவு.

இதெல்லாம் கடைக்காரர் கஸ்டமரிடம் பேசும் வார்த்தைகள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வார்த்தைகள் வேறு. அவைதான் முக்கியம்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், 2001ல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். விற்கிறவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது, அதனால் சந்தையே கெட்டுப் போகும் என்பது சாரம். பழைய காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் நஷ்டத்துக்காவது தள்ளிவிடலாம். பச்சையை ஓட்டிப் பார்க்க முடியாது, தள்ளிவிடவும் முடியாது. போதாக்குறைக்கு, குத்தி முடித்த அன்றைக்கு எல்லா பச்சையும் அழகாகத்தான் இருக்கும். தோல் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதற்குப் பிறகுதான் வண்டவாளம் தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒருவருடைய ஆல்பத்தைப் பார்க்கும்போது "ஃப்ரெஷ்" படங்களைத் தள்ளிவிட்டு "ஹீல்ட்" படம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஆறின பிறகு எடுத்த படம். இந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கடைக்குள் இருக்கும் வசைச் சொற்களில் மோசமானது "ஸ்க்ராச்சர்". கிறுக்குகிறவன், சுரண்டுகிறவன் என்று அர்த்தம். முறையாகக் கற்காமல், லைசென்ஸ் இல்லாமல், வீட்டு சோஃபாவிலும் கிச்சன் மேஜையிலும் குத்துகிற ஆள். "கிச்சன் மெஜீஷியன்" என்று நக்கலாக இன்னொரு பெயரும் உண்டு. தொழில் பொறாமை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், மறுக்க முடியாது. தன் பிழைப்பைக் கெடுக்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் கோபத்துக்கு வேறு காரணமும் இருக்கிறது. நியூயார்க் நகர சுகாதாரத் துறை 1961ல் பச்சை குத்துவதையே தடை செய்தது. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் ஊசி வழியாகப் பரவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். தடை 1997 வரை இருந்தது. முப்பத்தாறு வருஷம்! ஓ'ரெய்லியும் வாக்னரும் தொழில் செய்த அதே ஊரில்! தடை வந்ததும் குத்துகிறவர்கள் காணாமல் போய்விட்டார்களா என்றால் இல்லை. அபார்ட்மென்ட் அறைகளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓக்லஹோமா மாநிலத்தில் 2006ல்தான் சட்டம் அனுமதித்தது, அமெரிக்காவிலேயே கடைசி மாநிலம் அதுதான். கண்ட இடத்தில் குத்துகிறவர்களால் மொத்தத் தொழிலுக்கும் பூட்டு விழும் என்பது இந்தக் கடைகளுக்கு அனுபவப் பாடம். அதனால்தான் ஸ்க்ராச்சர் என்ற சொல்லில் அவ்வளவு காரம்.

ஸ்க்ராச்சருக்கு எதிர்ப்பதம் "அப்ரென்டிஸ்". குருகுல வாசம்தான். ஒரு வருஷமோ அதற்கு மேலோ, பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், தரை துடைத்து, குழாய் கழுவி, போன் எடுத்து, படம் வரைந்து வரைந்து தாள் தீர்த்து, அப்புறம் பழத்தோலிலோ பன்றித் தோலிலோ செயற்கைத் தோலிலோ குத்திப் பழகி, கடைசியாகத்தான் மனிதத் தோல். அதுவும் முதல் பலி பெரும்பாலும் தன்னுடைய தொடை, அடுத்தது நண்பனின் கால். இந்த முறையில் சுரண்டலும் நடக்கிறது. இலவச வேலைக்காரன் கிடைத்தான் என்று வருஷக்கணக்கில் பெருக்க வைக்கிறவர்களும் உண்டு. ஆனாலும் "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் உடனே ஒரு பெயர் சொல்லத் தெரிந்தவரிடம் கையைக் கொடுப்பது தேவலை.

இப்போது தவறுகளின் பெயர்கள். தோல் மேல் படலம் தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கும், அங்கே மை நிற்காது. அதற்குக் கீழே இருக்கும் இரண்டாம் படலத்தில் விழ வேண்டும். மேலிருந்து சுமார் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான் இடம். அங்கே விழுந்த மைத்துகளை உடம்பின் காவல் செல்கள் அந்நியன் என்று நினைத்து விழுங்கும், ஆனால் செரிக்கத் தெரியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிடும். அந்த செல் செத்தால் கொட்டும் மையைப் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொள்ளும் என்று 2018ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டினார்கள். ஒரு பச்சை ஆயுசுக்கும் நிற்பது இப்படி கைமாற்றிக் கைமாற்றித்தான். கரிமையின் கறுப்பு தோலுக்கு அடியில் இருக்கும்போது கொஞ்சம் நீலமாக, பச்சையாகத் தெரியும். தமிழில் அதற்குப் பச்சை என்றே பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறார்கள்.

ஊசி ஆழம் தாண்டி கொழுப்புப் படலத்துக்குள் போய்விட்டால் மை அங்கே நிற்காமல் பக்கவாட்டில் பரவும். கோட்டைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு நிழல், ஈரத்தாளில் பேனா வைத்த மாதிரி. இதற்குப் பெயர் "ப்ளோஅவுட்". திருத்தவே முடியாது, மேலே வேறு படம் போட்டு மறைக்கலாம் அல்லது லேசரிடம் போகலாம். மணிக்கட்டின் உள்பக்கம், விரல், பாதம் போன்ற மெல்லிய இடங்களில் கைதேர்ந்தவருக்கே எப்போதாவது நடக்கும். கற்றுக்குட்டிக்கு எங்கே வேண்டுமானாலும் நடக்கும்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. நிறம் அடைத்த இடத்தில் நடுவில் ஒரு பொட்டு மட்டும் மை ஏறாமல் வெறுமையாக நிற்கும். அதைக் கடையில் "ஹாலிடே" என்பார்கள். ஆம், விடுமுறை! இது பச்சைக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை, மாலுமிகளின் வார்த்தை. கப்பலின் அடிப்பக்கத்துக்குத் தார் பூசும்போது தவறவிட்ட இடத்தை ஹாலிடே என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். வேலைக்காரன் அந்த இடத்துக்கு வந்ததும் லீவு எடுத்துக்கொண்டான் போல. பெயின்டர்களும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். ப்ளோஅவுட் போல இல்லாமல் ஹாலிடேவைச் சரிசெய்யலாம். ஆறின பிறகு மறுபடி வரச் சொல்லி நிரப்புவார்கள், அது "டச்-அப்", நல்ல கடைகளில் முதல் டச்-அப் பெரும்பாலும் இலவசம். உங்கள் பச்சையைப் பார்த்து ஒருவர் "ரெண்டு ஹாலிடே இருக்கு, திரும்ப வாங்க" என்று தானாகச் சொன்னால் அவர் நல்லவர். மூன்றாவது தவறு "ச்யூட் அப்". மென்று துப்பிய மாதிரி. மை ஏறவில்லை என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தித் தோலைக் கிழித்துவிடுவது. தழும்பு நிச்சயம்.

ஊசிகளுக்கும் ஒரு பாஷை இருக்கிறது. பெட்டியின் மேல் "1207 ஆர்எல்" என்று போட்டிருக்கும். 12 என்பது ஒவ்வொரு ஊசியின் தடிமன், அதாவது 0.35 மில்லிமீட்டர். 07 என்றால் ஏழு ஊசிகள் சேர்த்துப் பற்றவைத்தது. ஆர்எல் என்றால் ரவுண்ட் லைனர், கோடு போட. "மேக்" என்பது மேக்னம், இரண்டு வரிசையாகத் தட்டையாக அடுக்கியது, நிழலுக்கும் நிறம் அடைக்கவும். துப்பாக்கி என்று சொன்னால் கோபப்படுகிறவர்கள் ஊசிக்கு மட்டும் மேக்னம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், யாரிடம் போய்ச் சொல்ல?

ஸ்டைல் சண்டையில் அடிக்கடி விழும் கோஷம் "போல்ட் வில் ஹோல்ட்". தடித்த கோடு, நிறைய கறுப்பு இருந்தால்தான் இருபது வருஷம் கழித்தும் படம் படமாக இருக்கும் என்று அர்த்தம். ஹொனலூலுவில் கடை வைத்திருந்து 1973ல் இறந்த நார்மன் காலின்ஸ், அதாவது 'செய்லர் ஜெர்ரி' வழி வந்த மாலுமி ஸ்டைல்காரர்களின் கட்சி. இதற்கு எதிர்க்கட்சி "ஃபைன் லைன்". அது சிறையிலிருந்து வந்தது. கலிஃபோர்னியா சிறைகளில் மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் கேசட் பிளேயர் மோட்டார், கிடார் கம்பி, பேனாக் குழாய் வைத்து மெஷின் கட்டினார்கள். கிடைத்தது ஒரே ஊசி, கறுப்பு மை மட்டும். அதில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறம் எடுத்தார்கள். "ப்ளாக் அண்ட் க்ரே" என்று இன்றைக்கு உலகமெல்லாம் கொண்டாடுகிறார்களே, அது வண்ண மை இல்லாத ஏழ்மையில் பிறந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் 1975ல் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் நடத்திய குட் டைம் சார்லிஸ் டாட்டூலேண்ட் என்ற கடை அதை வெளியே கொண்டுவந்தது. சிறையிலேயே கற்றுக்கொண்ட ஃப்ரெடி நெக்ரெட்டே அங்கே வந்து சேர்ந்தார். அதே வீட்டு மெஷினை ஒருவர் கிச்சன் மேஜையில் கட்டினால் ஸ்க்ராச்சர், சிறையில் கட்டினால் முன்னோடி என்றால் என்ன நியாயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் சிறைக்கு வெளியே வந்த பிறகு கடைக்குள் உட்கார்ந்து, சுத்தமான ஊசியோடு, மற்றவர்கள் பார்க்க வேலை செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

உடம்பின் வரைபடத்துக்கும் பெயர்கள் உண்டு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை நிரப்பினால் "ஸ்லீவ்". முழங்கையின் உள்மடிப்பு "டிட்ச்", பள்ளம். அங்கே குத்தியவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். கை, கழுத்து, முகம் மூன்றுக்கும் சேர்த்து "ஜாப் ஸ்டாப்பர்", வேலைக்கு உலை வைப்பது. இளவயசுப் பையன் முதல் பச்சையே கழுத்தில் வேண்டும் என்று வந்தால் நல்ல கடைக்காரர் இந்த வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்புவார், கையில் வந்த காசை விட்டுவிட்டு. இந்தச் சொல்லின் வலு இப்போது குறைந்து வருகிறது. அமெரிக்கத் தரைப்படையே 2022ல் கையிலும் பின்கழுத்திலும் சின்னப் பச்சைகளை அனுமதித்துவிட்டது. பெண்களின் இடுப்புக்குப் பின்னால் குத்துவதற்கு 2000களில் ஒரு கேவலமான பட்டப்பெயர் வைத்தார்கள். அதே இடத்தில் ஆண் குத்தினால் அந்தப் பெயர் கிடையாது. அதனால் இங்கேயும் அது கிடையாது.

உடம்பு முழுக்கப் பெரிய பெரிய ஆட்களிடம் தேடிப்போய்க் குத்திக்கொள்கிறவருக்கு "கலெக்டர்" என்று மரியாதைப் பெயர். (ஐ.ஏ.எஸ். இல்லை!) ஓவியம் சேகரிப்பவர் மாதிரி. இவர்கள்தான் கடைகளின் உண்மையான மூலதனம், விளம்பரப் பலகையாக நடமாடுகிறவர்கள்.

கடைசியில் எல்லாக் கடைக்கும் நிறைய வேலை கொடுப்பது பழைய பச்சைகள். பழைய காதலியின் பெயரையோ, ஸ்க்ராச்சர் செய்த கோலத்தையோ புதுப்படம் போட்டு மறைப்பது "கவர்-அப்". புதுப்படம் பழையதை விடப் பெரிதாகவும் கறுப்பாகவும் இருந்தாக வேண்டும், வெள்ளையடித்து மறைக்கத் தோல் ஒன்றும் சுவர் இல்லை. சில சமயம் முதலில் லேசரில் கொஞ்சம் மங்கவைத்துவிட்டு வரச் சொல்வார்கள். அதனால் மலிவாகக் குத்திய பச்சைக்கு மறுபடி லேசருக்கு ஒரு பில், கவர்-அப்புக்கு ஒரு பில். இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய படத்தை மறைக்காமல், அது தெரியும்படியே அதன் மேல் தடித்த கறுப்பில் புதுப்படம் குத்துவார்கள். அதற்கு "ப்ளாஸ்ட்-ஓவர்" என்று பெயர். இடைவெளியில் பழைய பெயரின் எழுத்துகள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.